சிகரெட் துண்டும் பிளாட்டினமும்: இர்விங் பென் 1972-இல் எடுத்த படங்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

குடித்து முடித்து, தரையில் போட்டு, காலால் ஒரு திருகு திருகி அணைத்த சிகரெட் துண்டு. தேய்ந்து கழிந்த பொருள்களின் வரிசையில் இதற்கும் கீழே வைக்க வேறொன்று இல்லை. சாயம் போன மரப்பெட்டிக்கும் துருப்பிடித்த பூட்டுக்கும் விளிம்பு மழுங்கிய கரண்டிக்கும் ஒரு வாஞ்சை தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். யாரோ ஆண்டு ஆண்டாகப் புழங்கியது என்ற எண்ணமே படத்தில் பாதி வேலையைச் செய்துவிடும். சிகரெட் துண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் ஆயுளே சில நிமிடங்கள். மிச்சம் இருப்பது எச்சில், சாம்பல், தெருப்புழுதி. தேய்ந்த பொருள்களைப் படமெடுப்பவர்களின் வேலையை ஆராய வேண்டும் என்று உட்கார்ந்தபோது, இந்தக் காரணத்துக்காகவே இர்விங் பென்னின் சிகரெட் படங்களை எடுத்துக்கொண்டேன். வாஞ்சையின் துணை இல்லாமல் ஒரு பொருள் அழகாக வேண்டுமென்றால் படமெடுப்பவர் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்வு அப்பட்டமாகக் காட்டுகிறது.

நடந்தது இது. 1972-இல், நியூயார்க் தெருக்களில் கிடந்த சிகரெட் துண்டுகள் பொறுக்கப்பட்டு பென்னின் ஸ்டுடியோவுக்கு வந்தன. அவர் அவற்றை வெளிறிய, வெறுமையான பின்னணியில் வைத்துப் படமெடுத்தார். பிறகு ஒவ்வொரு படத்தையும் கையால் பூச்சிட்ட தாளில், பிளாட்டினம், பலேடியம் என்ற இரு உலோகங்களைக் கொண்டு அச்சிட்டார். ஏழெட்டு சென்டிமீட்டர்கூட இல்லாத துண்டு, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரமுள்ள அச்சில் நெடுக நின்றது. 1975-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அங்கே புகைப்படத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ஜான் சார்கோவ்ஸ்கி. பார்த்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்துவிடவில்லை. அந்த மனக்கசப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் பென் யார் என்பதைச் சொல்ல வேண்டும். 1917-இல் நியூஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர். பிலடெல்பியாவில் அலெக்ஸி புரோடோவிச்சிடம் வடிவமைப்பு படித்தார். ஓவியராகும் ஆசையில் மெக்சிகோ போய், தான் வரைந்ததில் திருப்தி இல்லாமல் திரும்பினார். 1943-இல் ‘வோக்’ என்ற ஃபேஷன் பத்திரிகையில் சேர்ந்தார். அட்டைப்படங்களுக்கு யோசனை சொல்வதுதான் முதலில் அவருக்கு இட்ட வேலை. அந்த யோசனைகளை மற்றப் படக்காரர்கள் ஏற்காததால், நீங்களே எடுங்கள் என்று கலை இயக்குநர் அலெக்சாண்டர் லீபர்மன் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி வந்த அவருடைய முதல் அட்டையில் பெண்ணும் இல்லை, உடையும் இல்லை. ஒரு தோல் கைப்பை, கையுறை, கழுத்துத்துணி, சில எலுமிச்சைகள்.

ஆக, பொருள்களிலிருந்துதான் அவர் தொடங்கினார். 1947-இல் எடுத்த ‘அரங்க விபத்து’ என்ற படத்தில், நாடகம் பார்க்க வந்த ஒரு பெண்ணின் கைப்பை கவிழ்ந்து உள்ளிருந்தவை தரையில் கொட்டிக் கிடக்கின்றன. ஓரத்தில் அவளுடைய செருப்பணிந்த பாதம் மட்டும் தெரிகிறது. முகத்தைக் காட்டாமலே ஒருவரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட முடியும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 25 ஆண்டுகள் கழித்து வந்த சிகரெட் துண்டுகளின் விதை அந்தத் தரையில் விழுந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு முன்னோட்டம் இதைவிட முக்கியமானது. 1950 கோடையில் பென் பாரிசில் இருந்தார். புகைப்படப் பள்ளி ஒன்றின் மேல்மாடியில் பகல் வெளிச்சம் நன்றாக வரும் ஓர் அறை. பின்னால் தொங்கவிட ஒரு பழைய நாடகத் திரைச்சீலை. உயர்தர உடைகளை அணிந்த மாடல் பெண்களை அங்கேதான் ‘வோக்’ பத்திரிகைக்காகப் படமெடுத்தார். அதே நாட்களில், அதே அறைக்கு, தெருவில் தொழில் செய்பவர்களும் வேலை உடையோடும் கருவிகளோடும் வந்து நின்றார்கள். கேக் செய்பவர்கள், இறைச்சி வெட்டுபவர்கள், கண்ணாடி பொருத்துபவர். திரை அதுவே, வெளிச்சம் அதுவே, நிற்கச் சொன்ன இடமும் அதுவே. ‘சிறு தொழில்கள்’ என்று பெயர் பெற்ற இந்த வரிசை பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் தொடர்ந்தது. பட்டு உடைக்கு ஒரு வெளிச்சம், கரி படிந்த சட்டைக்கு ஒரு வெளிச்சம் என்று அவர் பிரிக்கவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல நினைப்பதன் வேர் இங்கே இருக்கிறது. சிகரெட் துண்டுக்காக பென் எந்தப் புதிய பார்வையையும் கண்டுபிடிக்கவில்லை. அட்டைப்பட அழகிக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு துளியும் குறைக்காமல் அதைத் துண்டுக்கும் கொடுத்தார்.

துண்டு எழுந்து நிற்கிறது

படங்களைக் கூர்ந்து பார்த்தால் முதலில் பிடிபடுவது ஓர் எளிய திருப்பம். தரையில் துண்டு படுத்துக் கிடக்கும். நாம் மேலிருந்து குனிந்து பார்ப்போம். இந்த அச்சுகளில் பெரும்பாலானவற்றில் அது சுவரில் செங்குத்தாக நிற்கிறது, நம் கண்ணுக்கு நேராக. குனிந்து பார்த்ததை நிமிர்ந்து பார்க்க வைத்துவிட்டார். சிலவற்றில் ஒன்று தனியாக, சிலவற்றில் இரண்டு பக்கத்தில் பக்கமாக, வேறு சிலவற்றில் இன்னும் அதிகமாக. இரண்டு நிற்கும்போது தம்பதி போலத் தெரிகிறது. ஒன்று நிற்கும்போது இடிந்த கோயில் ஒன்றின் தூண்.

அடுத்தது அளவு. கசங்கிய தாளின் மடிப்பு ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தாக்காகிறது. கிழிந்த வாயிலிருந்து புகையிலை நார்கள் வைக்கோல் போல வெளியே துருத்துகின்றன. எரிந்த விளிம்பில் கரி, அதையடுத்து பழுப்பு, அதையடுத்து வெள்ளை என்று மூன்று பட்டை. தாளில் அச்சிட்ட பிராண்டின் எழுத்துகள் நெருப்பு நின்ற இடத்தில் பாதியில் அறுந்து நிற்கின்றன. தெருவின் மணல் துகள்கள் தாளில் பதிந்த குழிகளில் அப்படியே இருக்கின்றன. எதையும் தட்டிவிடவில்லை, துடைக்கவில்லை.

ஒருவருடைய உதடு ஒரு முனையில், இன்னொருவருடைய காலணி மறுமுனையில். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரே பொருளில் பதிந்திருக்கின்றன. யார் என்று தெரியாது, தெரியப்போவதும் இல்லை. ஆனால் ஒருவர் பொறுமையாக நுனிவரை குடித்திருக்கிறார், இன்னொருவர் பாதியில் எறிந்துவிட்டு எதற்கோ ஓடியிருக்கிறார் என்பது தெரிகிறது. பென் வாழ்நாள் முழுவதும் எடுத்த உருவப்படங்களைப் போலவே இவையும் உருவப்படங்கள்தான் என்பது என் கருத்து.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை, புகைபிடிப்பதையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்துப் பேசியது. 1971 ஜனவரியிலிருந்து அந்த நாட்டுத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த படங்கள் இவை. அதுவரை சிகரெட் என்றால் சிரிக்கும் முகத்தின் உதட்டில் புதிதாகப் பற்றவைத்தது. விளம்பரம் அந்த ஒரு கணத்தோடு நின்றுவிடும். விளம்பர உலகத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர், அந்தக் கணம் முடிந்தபின் தரையில் என்ன கிடக்கிறது என்று பார்த்தார். படங்களில் பிரசாரம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் இவை சுவரொட்டிகளாகியிருக்கும்.

பூச்சு

இந்த நிகழ்வில் பலரும் ஒரு வரியில் கடந்துவிடும் பகுதி அச்சு. எனக்கோ மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

பத்திரிகையில் தன் படங்கள் அச்சாகி வரும் தரத்தில் பென்னுக்கு ஏமாற்றம் ஏற்பட்டிருந்தது. 1960-களின் நடுப்பகுதியில் அவர் பழைய கையேடுகளைத் தேடிப் படித்து, ஏறக்குறைய மறைந்துபோன ஒரு முறையைத் தானே கற்கத் தொடங்கினார். பிளாட்டினம் அச்சுக்கு இங்கிலாந்தில் வில்லியம் வில்லிஸ் 1873-இல் காப்புரிமை பெற்றிருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கலைப் புகைப்படக்காரர்களுக்கு அதுதான் உயிர். முதல் உலகப்போர்க் காலத்தில் பிளாட்டினம் கிடைப்பது அரிதாகி விலை ஏறியது. ஆயத்தத் தாள்கள் படிப்படியாகக் கடைகளிலிருந்து மறைந்தன. ஆகவே, பென் தொடங்கும்போது தாளைத் தானே பூச வேண்டியிருந்தது.

முறை இது. இரும்பின் ஆக்சலேட் உப்பையும் பிளாட்டினம் அல்லது பலேடியத்தின் உப்பையும் கலந்து தாளில் தூரிகையால் பூசி உலர்த்த வேண்டும். நெகட்டிவை அதன்மேல் ஒட்ட வைத்துப் புற ஊதாக் கதிர் நிறைந்த வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறுகிறது. படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரில் நனைத்ததும், மாறிய அந்த இரும்பு பிளாட்டினத்தை உலோகமாக இறங்க வைக்கிறது. மிஞ்சிய இரும்பை மென்மையான அமிலத்தில் கழுவி எடுத்துவிட்டால் தாளில் நிற்பது தூய உலோகம். சாதாரண வெள்ளி அச்சில் படம் ஜெலட்டின் படலத்துக்குள் மிதக்கும். மேலே ஒரு மினுமினுப்பு இருக்கும். பிளாட்டினம் அச்சில் படலமே இல்லை. தாளின் நாருக்குள்ளேயே படம் ஊறிக் கிடக்கிறது. நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே சாம்பல் நிறங்கள் படிப்படியாக, மிக நீளமாக இறங்கும்.

சிகரெட் துண்டு என்பது என்ன? தாள், சாம்பல், காய்ந்த இலை. எல்லாமே மங்கல், எதிலும் பளபளப்பு இல்லை, நிறங்கள் எல்லாம் நடுத்தரச் சாம்பலில் நெருங்கி நெருங்கி நிற்பவை. இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு வேறு இல்லை. சிகரெட் தாளைக் காட்டும் இடத்தில் உண்மையான தாளின் நாரே தெரிகிறது.

ஆனால் ஒரு குறை உண்டு. பிளாட்டினத்தின் கறுப்பு, வெள்ளி அச்சின் கறுப்பு அளவுக்கு ஆழமாகப் போகாது. கரிந்த முனை கரியாகத் தெரிய வேண்டுமே! இதற்கு வழி, ஒருமுறை அச்சிட்ட தாளை மறுபடி பூசி, மறுபடி நெகட்டிவை அதே இடத்தில் வைத்து, மறுபடி வெளிச்சம் காட்டுவது. சொல்லும்போது சுலபம். நனைந்து காய்ந்த தாள் முன்பிருந்த அளவில் இருக்காது, சுருங்கும், விரியும். நெகட்டிவ் முடியளவு விலகினாலும் படம் இரட்டித்து மங்கிவிடும். பென் இதற்குக் கண்ட தீர்வு, தாளை முதலிலேயே அலுமினியத் தகட்டில் ஒட்டிவிடுவது. தகடு சுருங்காது, தாளும் அதோடு பிணைந்திருப்பதால் அசையாது. நெகட்டிவ் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார, பொருத்து அடையாளங்களை அமைத்துக்கொண்டார். ஒரே படத்துக்குக் கறுப்பு வெள்ளை வேறுபாடு கூடியும் குறைந்தும் உள்ள நெகட்டிவ்களையும், பூச்சுக்குப் பூச்சு உலோகக் கலவையையும் மாற்றிப் பார்த்தார். இந்த முறையில் அச்சின் அளவே நெகட்டிவின் அளவு என்பதால், 60 சென்டிமீட்டர் அச்சுக்கு அந்தப் பரப்பில் நெகட்டிவும் வேண்டும்.

பூசுதல், உலர்த்துதல், வெளிச்சம் காட்டுதல், டெவலப்பர், கழுவுதல், மறுபடி பூசுதல். ஓர் அச்சு முடிய நாள்கணக்கில் ஆகும். யாரோ இரண்டு விரலால் சுண்டி எறிந்ததற்கு இந்த உழைப்பு. அந்த எறிதலும் இந்த உழைப்பும் ஒரே தாளில் சந்திப்பதால்தான் படம் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

கசப்பு

குப்பையை விலையுயர்ந்த உலோகத்தில் அச்சிட்டு அழகாக்குவது ஏமாற்று வேலை அல்லவா என்ற கேள்வி இந்தப் படங்களைத் தொடர்ந்து வருகிறது. அழகுசாதன விளம்பரங்களுக்குப் படமெடுக்கும் ஒருவர் (கிளினிக் நிறுவனத்துக்காக 1960-களின் இறுதியிலிருந்து அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை) அதே மெருகைத் தெருக்குப்பைக்கும் ஏற்றிவிட்டார் என்பது இதன் உட்பொருள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. பிளாட்டினம் எதையும் கண்ணியமாக்கிவிடும். சத்தில்லாத படம் ஒன்று தாளின் அழகில் ஒளிந்துகொண்டதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன், என் கையாலேயே செய்தும் இருக்கிறேன். பென்னின் வரிசையிலும் எல்லாப் படங்களும் ஒரே தரம் அல்ல. பல துண்டுகளை அழகாக அடுக்கி வைத்த படங்களில் அடுக்கியவரின் கை தெரிகிறது. அவை எனக்கு வலுவிழந்தே தோன்றுகின்றன. ஒன்றோ இரண்டோ நிற்கும் படங்களில் அந்தக் கை மறைந்துவிடுகிறது.

மற்றப் பாதியை ஏற்க மாட்டேன். விளம்பரம் குறையை மறைக்கும். இங்கே ஒரு கிழிசல்கூட மறைக்கப்படவில்லை. அச்சின் மென்மை கூடக்கூட எச்சில் கறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அருவருப்பும் அழகும் ஒன்றையொன்று அடக்காமல் பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன. அருவருப்பு முழுதாகப் போய்விட்டிருந்தால்தான் அது ஏமாற்று.

பென் அங்கே நிற்கவும் இல்லை. மிதிபட்ட காகிதக் கோப்பை, சேற்றில் ஊறிய கையுறை, நசுங்கிய சிகரெட் பெட்டி என்று தெருவில் கிடந்த மற்றவற்றையும் 1975-76-இல் அதே முறையில் அச்சிட்டார். 1977-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘தெருப் பொருள்கள்’ என்ற தலைப்பில் அவற்றைக் காட்டியது. சேற்றுக் கையுறையைப் பாருங்கள். 1943-இன் முதல் அட்டையில் இருந்ததும் ஒரு கையுறைதான்.

இரண்டு ஒப்பீடுகள்

அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1955 ஜூலையில் ‘ஃபார்ச்சூன்’ என்ற வணிக இதழுக்காகச் சாதாரணக் கைக்கருவிகள் சிலவற்றைப் படமெடுத்தார். வெறும் பின்னணி, ஒரு பக்கத்துக்கு ஒரு கருவி. முறையில் பென்னுக்கு மூத்தவர் என்றே சொல்லலாம். ஆனால் எவன்ஸ் தேடியது கருவியின் வடிவத்தில் இருந்த நேர்மை. பென்னின் துண்டில் வடிவமைத்தவருக்கு வேலையே இல்லை. பல்லும் நெருப்பும் காலணியும் சேர்ந்து செய்த வடிவம் அது.

ஜப்பானின் புகைப்படக்காரர் இஷியூச்சி மியாகோ நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறார். 2000-இல் அவருடைய தாய் இறந்தார். அவர் விட்டுச்சென்ற உதட்டுச்சாயக் குச்சிகளையும் உள்ளாடைகளையும் காலணிகளையும் மியாகோ படமெடுத்தார். 2005 வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஜப்பானின் அரங்கில் அவை இடம்பெற்றன. கையில் பிடிக்கும் சிறிய கேமரா, பகல் வெளிச்சம், அவ்வளவே அவருடைய ஏற்பாடு. தாயின் தோலை ஒட்டியிருந்த துணி மகளின் படத்தில் இன்னொரு தோலாகிறது. பொருளின் உடைமையாளரைத் தெரிந்தவர் எடுக்கும் படத்துக்கும், தெரியாதவர் எடுக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க இந்த இருவரையும் அருகருகே வைத்தால் போதும். பென்னுக்கு உறவு என்ற பிடிமானம் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் அவர் இருட்டறை உழைப்பால் நிரப்பினார்.

ஒரு செருப்பில் சோதித்தது

படித்ததைக் கையால் செய்து பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் போட்டுக் கழித்த என் ரப்பர் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் முயற்சியில் பழைய மரப்பலகை மேல் வைத்து, மாலை வெயிலைச் சாய்வாக விழவிட்டு எடுத்தேன். படம் இனிமையாக வந்தது. அந்த இனிமைதான் தவறு. பலகையும் வெயிலும் எனக்காக ஏங்கிக்கொண்டிருந்தன, செருப்பு ஓரமாகக் கிடந்தது.

இரண்டாம் முறை வெள்ளைத் தாள். வெயில் நேராக விழாத ஜன்னலின் வெளிச்சம். கேமரா நேர் மேலே, கீழ்நோக்கி. நிழல் தாளில் அப்பாமல் இருக்க, தாளுக்குச் சற்று மேலே ஒரு கண்ணாடித் தகட்டை நிறுத்தி அதில் செருப்பை வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தும் படம் செத்திருந்தது. காரணம் புரிய அரைநாள் ஆனது. எடுப்பதற்கு முன் செருப்பைக் கழுவியிருந்தேன். குதிகால் பள்ளத்தில் இருந்த புழுதி போய்விட்டது. பள்ளத்தின் ஆழத்தைக் காட்டிக்கொண்டிருந்ததே அந்தப் புழுதிதான்.

ஜோடியில் மற்றது கழுவாமல் இருந்தது. அதை வைத்தேன். கட்டைவிரல் பதிந்த இடம் கறுத்து, எண்ணெய் ஊறினாற்போல மின்னியது. மற்ற நான்கு விரல்களின் தடம் சாய்வாக, வரவர மெலிந்து போனது. குதிகாலின் வெளிப்புற ஓரம் காகிதம் போல நைந்து, அடிப்பகுதியின் நீல ரப்பர் எட்டிப் பார்த்தது. நான் நடக்கும்போது பாரத்தை வெளிப்பக்கம் சாய்க்கிறேன் என்பதை அந்த நீலத்தைப் பார்த்துத்தான் முதன்முதலாக அறிந்தேன். அந்த ஓரம் மட்டும் கேமராவுக்குள் அதன் நிஜ அளவிலேயே விழும்படி நெருங்கிப் போனபோது, கேமராவுக்கு வந்து சேரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. தெளிவாக விழும் ஆழமோ ஓரிரு மில்லிமீட்டருக்குள் சுருங்கியது. நைந்த விளிம்பு தெளிந்தால் அதன் கீழே உள்ள ரப்பர் மங்குகிறது. தெளிவு விழும் மட்டத்தை நூலளவு நூலளவாக மாற்றி பதினோரு படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்த்தேன்.

அச்சு இன்னும் முடியவில்லை. முதல் பூச்சில் விரல் தடங்கள் வந்துவிட்டன. கட்டைவிரலின் கறுப்பு போதவில்லை. தாளை இந்த முறை அலுமினியத்தில் ஒட்டியிருக்கிறேன். இரண்டாம் பூச்சு இப்போது உலர்ந்துகொண்டிருக்கிறது.